தகப்பன் பெயர் எழுதும் இடம்

பிறப்புப் பதிவு மேசையில் குழந்தைகளால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் அவர்களைப் பெற்றவர்களாலும், அந்தப் பெற்றவர்களைப் பெற்றவர்களாலும்தான். அரசாங்கக் கந்தோரில் வாங்குப் பலகையில் காத்திருந்து இடுப்பொடிந்த அன்பர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் இடுப்பு ஒடியும், நம்புங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டன் பக்கம் பதிவாளராக மாற்றலாகி வந்த எனக்கு முதலில் இடுப்பை ஒடித்தவன் பிரகாஷ்.

வயசு பத்துமா?

ஒருநாள் காலையில் தனியாக வந்தான். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். ஹட்டனில் கடையொன்றில் வேலை. தனக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகவும், தகப்பன் என்று தன் பெயரை எழுத வேண்டும் என்றும் சொன்னான். வயது பதினேழு; கலியாணம் ஆகவில்லை.

“தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் கலியாணம் கட்டேல்லை. அதால பிள்ளையின்ர தாயும் உம்மோட வந்து கேட்டால்தான் எழுதலாம்” என்றேன். தகப்பனுக்கு இத்தனை வயது இருக்க வேண்டும் என்று ஏதும் விதி உண்டா? எனக்கே சந்தேகம் வந்து, சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பிரிவில் வயதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் பக்கம் புரட்டப் புரட்ட அவன் முகம் வாடிவிட்டது.

“கல்யாணம் கட்ட வயசு பத்தாதுன்னுட்டாங்க மிஸ். அப்பாவா இருக்கவும் பத்தாதுங்களா?”

மாமனார் ஆகாதவர்

அடுத்த வாரம், குழந்தையின் தாய் ரேவதியுடைய அப்பா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தகப்பன் பெயர் இருக்கும் இடத்தை வெறுமையாக விடும்படி பணிவாகக் கேட்டார். ரேவதிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. முடிவு அவளுடையது, தாத்தாவைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று விளக்கினேன். அவர் சிரித்தார்.

“அவளக் கூட்டிட்டு வாறது நான்தானுங்க. நான் வரலேன்னா சட்டம் வந்து கூட்டிட்டு வருமா மிஸ்?”

எடுக்கலாமா?

ஆனால் வந்தார். பதிவு பிந்தினால் அலைச்சல் கூடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கூடவே குழந்தையோடு ரேவதி. அவள் போன் பண்ணிச் சொன்னதால் பிரகாஷும் வாசலில் நின்றான். அப்பாவுக்கு அது தெரியாது; அவனைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பிள்ளை, உம்மட விருப்பம் என்ன?” என்று ரேவதியைக் கேட்டேன். அவள் பிரகாஷின் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்த்து, “பேரப் போட்டுட்டு கொழும்புக்கு ஓடிற மாட்டியே?” என்றாள்.

“ஓடுறவன்னா எதுக்கு இங்க வாறேன்?”

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். உடனே அவன், “இப்ப புள்ளைய எடுக்கலாங்களா மிஸ்?” என்றான். நான் சட்டம் பேசத் தொடங்கினேன்: பெயர் எழுதியதால் பிள்ளையைக் கூட்டிப்போகும் உரிமை வராது, கலியாணம் கட்டாதவரை பொறுப்பு தாய்க்கு, பராமரிக்கும் கடமை உமக்கும் உண்டு, மேற்கொண்டு வேண்டுமென்றால் நீதிமன்றம்...

“அது இல்லீங்க மிஸ். இன்னும் ஒரு தடவகூட தூக்கல.”

ரேவதி குழந்தையை நீட்டினாள். அவன் வாங்கிய விதத்தைப் பார்த்து எனக்குப் பயமே வந்தது. ஜன்னலோரம் நின்றவர் ஒரே எட்டில் வந்து, அவன் கையைப் பிடித்துக் குழந்தையின் தலைக்குக் கீழே வைத்தார்.

“தலையப் புடிடா! பேரு போட்டா மட்டும் போதுமா?”

தகப்பன் பெயரை எழுத அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. பையனைத் தகப்பனாக்கும் வேலையை மட்டும் யாரோ ஒரு மாமனார் சம்பளமில்லாமல் செய்துவிட்டுப் போகிறார்.