சோல்வெய் அளந்த ஆறு சிப்

சோல்வெய் எனக்குச் சித்தி மகள். சித்திக்குப் பிள்ளைகள் ஆறு, இவள் கடைசி. அமெரிக்காவின் வடகோடியில், பெமிட்ஜியில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் நான் முப்பத்தொரு வருஷம் சிப்புக்கு ஈயப்பற்று வைத்தேன். அவள் படித்துவிட்டு வந்து அதே இடத்தில் இன்ஜினியர் ஆனாள்.

போர்டு செய்யுமுன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சிப்பும் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் கோப்பு அதற்கு வேண்டும். மாடல் என்பார்கள். சிப் செய்தவன் தந்த மாடலில் ஓடினால்தான் கையெழுத்து என்பது எங்கள் கம்பெனிச் சட்டம்.

அந்த வருஷம் வந்த மாடல் மைனஸ் முப்பதிலும் கோடைக்காலம் மாதிரியே ஓடியது. குளிரில் எந்தச் சிப்பும் அப்படி ஓடாது என்று சோல்வெய் கையெழுத்துப் போடவில்லை. ஃபர்னஸ் பற்றாத வீட்டில் எங்கள் ஊரில் ஆள் பிழைக்காது.

சிப் கம்பெனிக்கு எழுதினாள். ஐந்து வாரம் கழித்து கர்ட் என்றொருவர் போனில் வந்தார்; ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“இந்த மாடலை யாரு அளந்து செஞ்சது?”

“அளக்கல்லாம் இல்லைங்க. எங்க விவரத்தாளைப் பார்த்துப் போட்டதுதான்.”

“அப்போ குளிர்ல?”

“குளிரே அதுல இல்லைங்க. நீங்க அளந்தது எதாவது இருந்தா அனுப்புங்களேன்.”

தானே அளக்கக் கிளம்பினாள். ஜனவரியில் அதற்குக் குளிர்பெட்டி எதற்கு? எங்கள் பின்வாசல் படியில் ஆறு சிப்பை வைத்து, ஜன்னல் இடுக்கு வழியாக வயர் இழுத்தாள்.

“சிப்புக்குத் தொப்பி பின்னித் தரட்டுமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஆறு பின்னுங்க அத்தான். காதுக்கும் சேர்த்து.”

கரண்ட் விட்டதும் நாலு ஒழுங்காக எழுந்தன. இரண்டு மெதுவாக. அதை வைத்து ஒரு மாடல் எழுதி, ‘ஆறே சிப், ஒரே தொகுதியில் வந்தவை, நம்பவேண்டாம்’ என்று மேலே போட்டு கர்டுக்கு அனுப்பினாள். அளக்க இன்னும் நூறு சிப் கேட்டாள். எங்கள் மேலாளர் வெர்லின், நீ அளந்தது செல்லாது, அவர்களிடமிருந்தே வரட்டும் என்றுவிட்டார்.

மார்ச்சில் புது மாடல் வந்தது. வெர்லின் தாளோடு வந்து நின்றார். சிப் கம்பெனி முத்திரை இருந்தது. சோல்வெய் வரிவரியாகப் படித்தாள். எண்கள் கடைசிப் புள்ளிவரை அவளுடையவை. எச்சரிக்கை வரி மட்டும் இல்லை.

“இது நான் எழுதுனது, வெர்லின். ஆறு சிப்புதான்.”

“முத்திரை அவங்களோடது. செஞ்சவன் மாடல்ல குளிரும் வேணும்னுதானே நின்ன? வந்திருச்சு. இன்னும் என்னம்மா?”

மறுபடி ஒருதரம் படித்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன். “ஏன்டி போட்ட?”

“தெரியலக்கா. கோபம் வரும்னு பார்த்தேன். வரல.”

பதினோரு குளிர்காலம் போய்விட்டது. பற்றாத வீடு என்று எதுவும் எங்கள் காதுக்கு வரவில்லை. வந்தாலும் எங்களிடம் யார் சொல்லப்போகிறார்கள். போன மாதம் வேறொரு கம்பெனிக்காரர் அவளைக் கூப்பிட்டு, அந்த சிப்புக்கு நம்பகமான மாடல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். சிப் கம்பெனியின் இணையப் பக்கத்தைச் சொன்னாளாம்.

“ஆறுதான்னு சொன்னியா?”

“சொன்னேன்க்கா. எழுதிக்கிட்டாரான்னு தெரியல.”