ஏரியில் கட்டியிருந்த வலை

"குருவிய எண்ணறதுக்கா ஒன்ன இத்தினி வருசம் படிக்க வச்சேன்?" பழைய பைனாகுலர் ஒன்றை நான் வாங்கி வந்த அன்று நைனா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கல்லூரியும் முடித்துவிட்டேன். அன்று நான் சிரித்துவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் பக்கத்து ஏரிகளில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரித் தோழியுடன் சிங்கவரம் தாண்டி ஓர் ஏரிக்குப் போனேன். நீலச்சிறகி வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஓரத்துச் சேற்றில் இரண்டு மூங்கில் கம்புகள் நிற்பதைத் தோழி காட்டினாள். நடுவே கண்ணுக்கே தெரியாத நைலான் வலை. மூன்று உள்ளான் குருவிகள் அதில் தொங்கின. ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. போனில் படம் எடுத்துவிட்டு, சேற்றில் இறங்கி அதன் காலில் சுற்றிய இழையைப் பிரித்துப் பறக்க விட்டேன்.

கரையேறும்போது ஒரு பைக் வந்து நின்றது. வந்தவரைப் பார்த்ததும் போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்தேன். நைனா ஓட்டும் டிராக்டர் அவருடையது.

"நம்ம டிரைவர் பொண்ணுதான நீ? இங்க இன்னா பண்ற?"

"பறவ பாக்க வந்தோம்ணா."

"பாரு, பாரு. நம்ம ஏரிதான." வலைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "போட்டோ கீட்டோ எடுத்தியா?"

"இல்லண்ணா."

"திங்கக்கிழம உழவு இருக்குது. நைனாவ நான் கேட்டேன்னு சொல்லு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கரை முடியும்வரை அந்த பைக் எங்கள் பின்னாலேயே மெதுவாக உருண்டு வந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வீட்டில் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழிச்சிடு அந்த போட்டோவ."

"மாட்டேன் நைனா. வனத்துறைக்கு மனு எழுதப் போறேன்."

"வண்டி போச்சின்னா எனக்கு வேற இன்னா தெரியும்?" சாப்பிட்ட கை காயும்வரை உட்கார்ந்திருந்தார். "எழுதறத எழுது. எம் பேரு அதுல வரக்கூடாது."

ஞாயிறு முழுவதும் தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை செஞ்சி வனத்துறை அலுவலகத்தில் மனுவை நீட்டினேன். நானே எழுதியது, ஒரு பிழை கிடையாது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலர், அடியில் என் கையெழுத்தைப் பார்த்தார். "இனிஷியல் எங்க? ஆதார்ல இருக்கிற மாதிரி போடும்மா."

அந்த ஓரெழுத்து நைனாவின் பெயர். டிராக்டர்காரர் ஏரியில் என்னைப் பார்த்துவிட்டார், நான் எழுதினேன் என்பது எப்படியும் தெரியத்தான் போகிறது. ஆனால் என் கையெழுத்துக்குள் அவரும் இருந்தால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரால் சொல்ல முடியாது. அந்நேரம் அவர் அந்த ஆளின் நிலத்தில் உழுதுகொண்டிருப்பார். பேனா நின்றது. வரிசையில் பின்னால் இருந்தவர் இருமினார்.

இனிஷியலைப் போட்டுக் கொடுத்தேன்.

வேறொருவர் வாயால் நைனா இதைக் கேட்கக் கூடாது. வாசலுக்கு வந்து போன் போட்டேன். டிராக்டர் சத்தத்துக்கு மேல் "இன்னாம்மா" என்று கத்தினார்.

"வண்டிய நிறுத்து நைனா," என்றேன். "ஒண்ணு சொல்லணும்."