கரையான் அரித்த வேதப்புத்தகம்

எங்கள் வீட்டில் பைபிள் இரண்டு இருந்தது. ஒன்று அப்பா படிக்கிறது. இன்னொன்று யாரும் படிக்காதது.

படிக்காதது அம்மாவுடையது. கல்யாணத்துக்கு அம்மாவின் அப்பா வாங்கிக் கொடுத்தது. துருப்பிடித்த தகரப் பெட்டியில் பழைய சேலைக்கு அடியில் கிடந்தது. அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. ஏன் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் அடுப்பைத் தொடக்கூடாது, சுவிட்சைத் தொடக்கூடாது, பெட்டியையும் தொடக்கூடாது. அவ்வளவுதான்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். நான் நடக்கிறதுக்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டாள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தலையணைக்கு அடியில் பைபிள் வைப்பது எங்கள் சபை ஆட்களிடம் உண்டு. அம்மாவும் வைத்தது. அக்கா போன பிறகு அதே புத்தகத்தை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடியது. அதுக்கப்புறமும் அம்மா கோயிலுக்கு வரும். பாட்டுக்கு எழுந்து நிற்கும். வாய் அசையாது. பக்கத்தில் நிற்கிற எனக்கு அது தெரியும். அம்மாவுக்குப் பாட்டு வராது போல என்று விட்டுவிட்டேன்.

நான் மூன்றாவது முடித்திருந்த லீவில், பெட்டிக்குப் பின்னால் சுவரில் மண்கோடு ஒன்று ஏறியது. அப்பா பீங்கான் சூளையில் தீ பார்க்கிறவர். மண்ணைப் பார்த்தால் எந்த மண் என்று சொல்லிவிடுவார். கோட்டைச் சுரண்டினார், பெட்டியைத் தட்டினார்.

"உள்ள போயிடுச்சு. கரையான்."

"இருக்கட்டும்" என்றது அம்மா.

"தெறந்து பாத்துடலாம்."

"வாணாம்."

"அது அங்கயே நிக்காது. உத்திரத்துக்கு ஏறும். அப்புறம் வூடே போயிடும்."

அம்மா போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்து அரிசி பொறுக்க ஆரம்பித்தது. அப்பா மண்ணெண்ணெய் டின்னை எடுத்த இடத்திலேயே வைத்தார். தினமும் காலையில் கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். ஏறிக்கொண்டுதான் இருந்தது.

சிங்கு அந்த நேரத்தில்தான் வந்தார். பஞ்சாப்காரர். பீங்கானுக்குப் போடுகிற கல்மாவு ஏற்றிக்கொண்டு வடக்கேயிருந்து வந்த லாரி. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது எங்கள் தெரு முனையில் கியர்பாக்ஸ் போய்விட்டது. சாமான் நாமக்கல்லிலிருந்து வர வேண்டும். அதை வாங்கிவர கிளீனர் பையன் பஸ் ஏறினான். சிங்கு லாரியிலேயே தங்கினார். பெயர் ஏதோ சொன்னார். தெரு அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. சிங்கு என்றே வைத்துவிட்டது.

அப்பா குஜராத்தில் டைல்ஸ் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தவர். அங்கே கற்ற இந்தியை வைத்துக்கொண்டு விருத்தாசலத்தில் என்ன செய்வது? சிங்கு கிடைத்தது அப்பாவுக்குப் பெரிய வரவு. முதல் நாளே சாப்பிடக் கூட்டிவந்துவிட்டார். அவர்கள் பேசினது எல்லாம் இந்தி. அம்மாவுக்காக அப்பா அப்போதைக்கப்போது தமிழில் சொல்வார். எனக்குத் தெரிந்தது அதுதான்.

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா தன் பைபிளை எடுத்தார். விருந்தாளிக்கு ஒரு அதிகாரம் படித்துக் காட்டாமல் அனுப்புகிறவர் இல்லை. பாயில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தரையில் விரித்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் தள்ளினார். சிங்கு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். பாம்பைப் பார்த்த மாதிரி.

"இன்னாச்சு?"

சிங்கு தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி, நெற்றியில் வைத்து, எங்கள் சோற்றுப்பானை மூடி மேல் வைத்தார். அவர் கைக்கு எட்டின உயரமான இடம் அதுதான்.

"கீழ வைக்கலாமா இதை?" என்று கேட்டார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"மடியில வைப்போம், கீழ வைப்போம், தலைமாட்டுல வைப்போம்" என்றார் அப்பா. "நம்ம கூடவே இருக்கணும் இல்ல?"

சிங்கு யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

மறுநாள் அப்பா லாரிக்குப் போய், உங்க புத்தகத்தைக் காட்டுங்க என்றார். நானும் கூடப் போயிருந்தேன். டிரைவர் சீட்டுக்கு மேலே, தலைக்கு மேல் ஒரு பலகை. அதில் பட்டுத்துணி சுற்றின சின்னப் புத்தகம். பெரிய கிரந்தம் ஊர்க்கோயிலில் இருக்கிறதாம். இது அதிலிருந்து எடுத்த ஜெபங்கள். அப்பா கையை நீட்டினார். சிங்கு தன் கையைப் பின்னால் இழுத்தார்.

"கை."

அப்பா குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவந்தார்.

"சட்டை."

அப்பாவின் இடது பையில் சின்னப் புதிய ஏற்பாடு. அதோடு ஒரு பீடிக்கட்டு. ரொம்ப வருஷமாக இரண்டும் ஒரே பையில்தான் இருந்தது. அவர்கள் வேதத்துக்குப் பீடி வாசனையே ஆகாதாம். அப்பா வீட்டுக்கு ஓடிவந்து வேறு சட்டை தேடினார்.

"இன்னா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றது அம்மா.

அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மா சிரித்தது. வாய்விட்டுச் சிரித்தது. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது.

கியர்பாக்ஸ் சாமான் வருகிறது வருகிறது என்று போன் மட்டும் வந்தது. இரண்டு பேருக்கும் அவசரமில்லை. சாயங்காலம் சூளையிலிருந்து அப்பா வந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். ஊரில் அந்தப் பெரிய கிரந்தத்தை ராத்திரியில் மெத்தை போட்டுப் படுக்க வைப்பார்களாம். விடியும் முன்னே எழுப்பித் திறந்து வைப்பார்களாம். வெயிலுக்கு விசிறுவார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. பொம்மை விளையாட்டு மாதிரி என்று சொன்னேன். அப்பா முறைத்தார். சிங்கு என்ன என்று கேட்க, அப்பா சொல்லாமல் மழுப்பினார்.

"எங்களுக்குப் புத்தகம் காகிதம்தான்" என்றார் அப்பா. "உள்ள இருக்கிற வசனம்தான் பெருசு. அந்த வசனமே மனுஷனா பொறந்து வந்துச்சு. அவருதான் ஏசு."

"எங்களுக்கு மாத்தி" என்றார் சிங்கு. "மனுஷங்களா பத்து குரு வந்தாங்க. கடைசி குரு, எனக்கப்புறம் இந்தக் கிரந்தம்தான் குருன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதனால அது காகிதம் இல்ல. ஆளு."

அப்பா கூரை மோட்டைப் பார்த்தார். "அப்ப உங்க ஆளு புத்தகமானாரு. எங்க வார்த்தை ஆளாச்சு."

இரண்டு பேரும் தொடையில் தட்டிக்கொண்டார்கள். ரொம்ப நாள் ஓடாத இன்ஜின் ஓடின மாதிரி.

அப்போதுதான் சிங்கு சுவரைப் பார்த்தார். மண்கோடு பாதிச் சுவரைத் தாண்டியிருந்தது. என்ன இது என்று கேட்டார். அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். பெட்டி, புத்தகம், அக்கா, எல்லாம்.

"படிக்க முடியாம போன புத்தகத்தை நீங்க என்ன செய்வீங்க?" என்றார் சிங்கு.

"பாஸ்டரைக் கேட்டேன். பத்திரமா வையுங்கன்னாரு" என்றார் அப்பா. "பத்திரமா வெச்சுத்தான் இப்படி ஆச்சு. நீங்க என்ன செய்வீங்க?"

வெள்ளைத்துணியில் சுற்றுவார்களாம். தலையில் சுமந்து, பாடிக்கொண்டே போவார்களாம். அதுக்கென்று இருக்கிற இடத்தில் தீயில் வைப்பார்களாம். சாம்பலை ஓடுகிற தண்ணீரில் விடுவார்களாம். மனுஷனுக்குச் செய்கிற மாதிரி. அப்பா இதைத் தமிழில் சொன்னபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எரிச்சுடுவாங்களா?" என்றது அம்மா.

அப்பா கேட்டுச் சொன்னார். "எரிக்கிறதுன்னு சொல்ல மாட்டாங்களாம். ஒப்படைக்கிறதாம்."

அம்மா அடுப்படி வாசல் வரை வந்தது. தலையில் சேலையைப் போட்டிருந்தது. சிங்கிடம் அம்மா நேராகப் பேசினது அதுதான் முதல் தடவை.

"அண்ணே. அது ஆளுன்னு சொல்றீங்க. ஆளுன்னா அதுமேல கோவப்படலாமா?"

அப்பா உடனே இந்தியில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா சிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னார்.

சிங்கு தாடியை நீவினார். "எங்க அம்மா செத்தப்ப நான் ஒரு வருஷம் கிட்டயே போகல. கோவம்."

"அதுக்கு அவரு என்னா சொன்னாரு? அந்தக் குரு?"

"ஒண்ணும் சொல்லல. அப்புறமா ஒருநாள் போனேன். அங்கயேதான் இருந்தாரு."

அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனது. புத்தகத்தோடு யாராவது சண்டை போடுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவே பெட்டியைத் திறந்தது. சேலை எல்லாம் சல்லடை. பைபிளின் அட்டை இரண்டும் அப்படியே இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. மண்ணும் வெள்ளைப் பூச்சியும்தான். அம்மா அழவில்லை. பூச்சியைச் சேலை முனையால் தட்டியது. துணி வைத்து மூடியது.

"செய்யுங்க" என்றது அப்பாவிடம். "ஆனா வெறவோட வெறவா சூளை வாயில போடக்கூடாது."

சூளையில் நல்ல சாமானை அப்படியே அடுக்க மாட்டார்கள். மண்ணால் செய்த மூடிபோட்ட பெட்டியில் வைத்துத்தான் அடுக்குவார்கள். புகையும் சாம்பலும் சாமான் மேல் படாது. அந்தப் பெட்டியில் ஒன்றை அப்பா எடுத்துவந்தார். கல்யாண வேட்டியைக் கிழித்துப் புத்தகத்தைச் சுற்றினார். உள்ளே வைத்து மூடினார். சாமான் மாதிரியே, சாமானோடவே போகட்டும் என்றார். இது போதுமா என்று சிங்கைக் கேட்டார்.

"இது உங்க வேதம். நீங்கதான் சொல்லணும்" என்றார் சிங்கு. "நான் கூட வரேன்."

யார் சுமப்பது என்று பேச்சு வந்தது.

"இவ எடுத்துக்கட்டும்" என்றது அம்மா.

என் தலையில் அப்பாவின் துண்டைக் கட்டி, பெட்டியை வைத்தார்கள். கனம். கழுத்து இறங்கிவிடும் போலிருந்தது. முன்னால் நான். எனக்கு ஒரு பக்கம் அம்மா. பின்னால் அப்பா, பீடி இல்லாத சட்டையில். கடைசியில் சிங்கு, செருப்பில்லாமல், சித்திரை வெயிலில் தார் ரோட்டில். எதிரில் வந்த பெட்டிக்கடைக்காரர், "இன்னா, முதலாளிக்குச் சோறா?" என்றார். நாங்கள் நிற்காமல் நடந்தோம்.

சூளையில் அகல் விளக்கும் குதிரை பொம்மையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்குகிற அண்ணன் என் தலையிலிருந்து பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

"இன்னாண்ணே இது?"

"வேதம்" என்றார் அப்பா.

அந்த அண்ணன் எந்த வேதம் என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வாங்கினார். நடு அடுக்கில், விளக்குகளுக்கு மத்தியில் வைத்தார்.

சிங்கு மெதுவாக அப்பாவிடம் என்னவோ கேட்டார். இப்போ என்ன சொல்வீங்க என்று கேட்டிருக்க வேண்டும். அப்பா தமிழிலேயே பதில் சொன்னார், அம்மாவைப் பார்த்து.

"மனுஷனைப் பொதைக்கத்தான் நம்ம சபையில ஜெபம் இருக்குது. புத்தகத்துக்கு இல்ல."

"புள்ளைக்குச் சொன்னதையே சொல்லுங்க" என்றது அம்மா.

அப்பா சொன்னார். எதையும் பார்க்காமல் சொன்னார். சிங்கு கைகூப்பித் தலை குனிந்து நின்றார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் வாய் அசைந்தது.

அன்றைக்கே சாயங்காலம் கியர்பாக்ஸ் சாமான் வந்துவிட்டது. விடிந்ததும் லாரி கிளம்பியது. அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தது. சிங்கு அதை இரண்டு கையாலும் வாங்கினார். என் தலையைத் தொட்டார். போயிட்டு வரேன் என்று தமிழில் சொன்னார். வரவில்லை. அப்பாவின் இந்தி மறுபடியும் வேலையில்லாமல் போனது.

சூளை ஆறினதும் மண்பெட்டியைத் திறந்தோம். கைப்பிடி கூட இல்லை சாம்பல். மணிமுத்தாற்றில் ஓடுகிற தண்ணீர் இல்லை, மணல்தான். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அக்காவின் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்ன இடம். சாம்பலைக் கொட்டி, மண்ணைத் தள்ளி, மண்பெட்டியை அதன் மேல் வாய் பக்கமாக இருக்கச் சாய்த்து வைத்தது.

"காத்துக்கு அணையாம உள்ள வெளக்கு வைக்க ஆவும்" என்றது.

தகரப் பெட்டியை வெளியே போட்டு, சுவரில் இருந்த மண்கோட்டில் அப்பா மண்ணெண்ணெய் ஊற்றினார். உத்திரம் தப்பியது.

அதுக்கப்புறம் ராத்திரியில் அப்பாவின் பைபிளைத் துண்டு மடித்துப் போட்டு அலமாரி மேல் தட்டில் வைப்பது அம்மா வேலை. விடிகாலையில் அடுப்புப் பற்ற வைக்கும் முன்னால், அதை எடுத்துத் திறந்து வைக்கும். படிக்காது. திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கும். எங்கம்மா சிங்காகிட்டாங்க என்று ஸ்கூலில் சொல்லிவைத்தேன்.

நானும் சில நாள் சீக்கிரம் எழுந்து பக்கத்தில் போய் நிற்பேன். சிங்கு சொன்ன மாதிரி அம்மா அதை எழுப்புகிறது என்று நினைப்பு. புத்தகம் அசைகிறதா, அசைகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி அம்மாவைப் பார்க்கத் தோன்றவில்லை.