மூன்றாவது தாமதம்

சுலைஹா அரசாங்க கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். அந்த வேலையை அவள் விட்ட கதையை ஜெலுத்தோங் பக்கம் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வருகிறது, கர்ப்பிணிகளின் பதிவேட்டில் விடுபட்ட ரத்த அழுத்தத்தையெல்லாம் உட்கார்ந்து நிரப்பு என்றார் அவளுடைய மேலதிகாரி. அளக்காத அழுத்தத்தை எப்படி எழுதுவது என்று இவள் கேட்டாள். எல்லோருக்கும் நூற்றிருபது என்று போட்டுவிடு, யார் கேட்கப் போகிறார்கள் என்றார் அவர். சுலைஹா கருவியை எடுத்து வந்து அவர் கையிலேயே பட்டையைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்து, "உங்களுக்கே நூத்தி அறுபது இருக்கு, முதல்ல நீங்க மருந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள்தான். மறுநாள் ராஜினாமாக் கடிதம் போனது.

கேட்பவர்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு அப்படி இல்லை. அன்று நிரப்பப்பட்ட பொய்க் கட்டங்களுக்குப் பின்னால் எத்தனை வயிற்றுப் பிள்ளைக்காரிகள் இருந்தார்களோ என்ற எரிச்சல் அவளை விட்டுப் போகவே இல்லை. நாசி கண்டார் சோற்றுக்கடையில் கறி வைக்கும் அவள் கணவர் அப்துல் ஹமீது மட்டும் ஏன் வேலையை விட்டாய் என்று கேட்கவே இல்லை. மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருப்பவளோடு குடித்தனம் நடத்திப் பழகிய மனிதர் அவர்.

ஐம்பதை எட்டும் வயதில் அவளுக்கு ஓர் ஆய்வு வேலை கிடைத்தது. பிரசவத்தில் இறந்துபோன பெண்களின் வீடுகளுக்குப் போக வேண்டும். என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுத வேண்டும். தமிழ் வீடுகளுக்குத் தமிழ் தெரிந்த ஒருத்தி தேவைப்பட்டாள். கையில் கொடுத்த படிவத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் தாமதம், வீட்டில் முடிவெடுக்க ஆன நேரம். இரண்டாவது, வழியில் ஆனது. மூன்றாவது, மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகு ஆனது. எது பொருந்துகிறதோ அதில் குறியிட வேண்டும். இப்படி எழுதி எழுதித்தான் அடுத்தவளைக் காப்பாற்ற முடியும் என்று பயிற்சியில் சொன்னார்கள். சுலைஹா அதை அப்படியே நம்பினாள். நம்பித்தான் புக்கிட் மெர்தாஜாமுக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் வெயிலில் அலைந்தாள்.

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பதினோராவது மாடி சிவநேசனின் வீடு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவன், முப்பத்திரண்டு வயது. அவன் மனைவி அதிரா தலைப்பிரசவத்தில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. சுங்கை பாக்காப்பில் அதிராவின் அம்மா வளர்க்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் சுலைஹாவின் கண்ணில் பட்டது சுவரில் இருந்த வெறும் மரத்தட்டுதான். சாமி படம் ஒன்றுகூட இல்லை. எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம் இருந்தது.

அவள் கேள்வியைத் தொடங்குவதற்கு முன்பே அவன் பதிலைச் சொல்லிவிட்டான்.

"எழுதிக்கோங்க அக்கா. நான்தான் காரணம்."

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. இந்த நாட்டில் கர்ப்பிணி ஒவ்வொருத்திக்கும் கிளினிக்கில் ஒரு பிங்க் புத்தகம் கொடுப்பார்கள். அவளுடைய எடை, அழுத்தம், ரத்தம் எல்லாம் அதில்தான். அட்டையில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதிராவுக்கு ஏழாம் மாதத்தில் அழுத்தம் ஏறியதும் மஞ்சள் ஒட்டினார்கள். மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்க்க வேண்டிய கேஸ் என்று அர்த்தம். இதெல்லாம் சிவநேசனுக்கு யாரும் விளக்கவில்லை. வளைகாப்புக்கு முன்னால், புத்தகம் கசங்காமல் இருக்கட்டும் என்று பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல அதற்கு அட்டை போட்டு, தண்ணீர்மலைக் கோயிலில் வாங்கி வந்த முருகன் படத்தை முன்பக்கத்தில் ஒட்டினான். மஞ்சள் ஸ்டிக்கர் படத்துக்கு அடியில் போனது. கிளினிக்கில் எல்லோருக்கும் அதிராவைத் தெரியும் என்பதால் அங்கே யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எட்டாம் மாதம் முடியும்போது ஒரு காலையில் அவளுக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்தது. கண் மங்கியது. சிவநேசன் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் கெரெத்தாவில் பின்சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். மூன்று முறை போய்க் கேட்டான், மூன்று முறையும் கூப்பிடுவோம் என்றார்கள். பன்னிரண்டரைக்கு அந்த நாற்காலியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். மூளையில் ரத்தம் கசிந்து அதிரா மறுநாள் போய்விட்டாள்.

உடலை வாங்கும் நேரத்தில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி அவனிடம் புத்தகத்தைக் கொடுத்து, ஸ்டிக்கர் தெரிந்திருந்தால் உடனே உள்ளே எடுத்திருப்போம், இப்படி மறைத்து வைத்துவிட்டீர்களே என்று சொன்னாராம். அன்று மாலையே அவன் வீட்டிலிருந்த சாமி படங்களையெல்லாம் இறக்கினான். குழந்தையை இதுவரை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

"அவ அம்மாவைத் தின்னது என் கைதானே அக்கா. அந்தக் கையால எப்படித் தூக்குறது?"

சுலைஹா முறைப்படி புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கடைசியாக எழுதப்பட்ட பக்கத்தில், அதிராவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளின் தேதி. ஆஸ்பத்திரிப் பதிவு மேசையின் சாப், மை முத்திரை. அதற்குக் கீழே நேரம், ஒன்பது இருபது. அழுத்தம், நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. பக்கத்தில் தலைவலி என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக ஒரு குறிப்பு. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. ஆக, புத்தகத்தைத் திறந்திருக்கிறார்கள். அளந்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள், முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்த நர்ஸுக்கும் எந்த நிற ஸ்டிக்கரும் தேவையில்லை. மூன்று மணி நேரம் அவளை நாற்காலியில் வைத்துவிட்டு, பழியைக் கொண்டுபோய் ஒரு அப்பாவியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். போதாததற்கு முருகன் தலையிலும்.

மறுநாள் அவள் படிவத்தில் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டு, ஆய்வுக்குத் தலைவரான டாக்டர் தயாளனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. இந்த ஆய்வுக்காக நான்கு வருடம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியவர். ஆனால் முருகன் படம் என்றதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவள் எடுத்த படங்களில் அட்டையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, அடுத்த மாத மாநாட்டில் காட்டலாம் என்றார். கலாச்சாரக் காரணம், முதல் தாமதம், குடும்பமே ஆபத்துக் குறியை மறைத்த சம்பவம். நம் ஆட்கள் எதன் மேலும் சாமி படத்தை ஒட்டிவிடுவார்கள், இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும் என்று வேறு சொன்னார். சுலைஹா சாப் இருந்த பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் பார்த்தார். அதை அவள் பக்கமே நகர்த்திவைத்தார்.

"அந்த ஆஸ்பத்திரி அனுமதி குடுத்ததாலதான் நமக்கு இந்தச் செத்தவங்க பேரெல்லாம் கிடைச்சுது, சுலைஹா. மூணாவது கட்டத்துல டிக் போட்டா அடுத்த வருஷம் ஒரு ஆஸ்பத்திரியும் நம்மள உள்ள விடாது. ஆய்வே நின்னு போனா யாருக்கு நல்லது, சொல்லுங்க."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. வெறும் பொய்யாக இருந்தால் மூஞ்சியில் அடித்தாற்போல் பேசிவிட்டு வந்துவிடலாம். கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக, உள்ளே கண்டதை எழுதாமல் விட வேண்டும் என்கிறார். அப்படியானால் அந்தக் கதவு எதற்கு? செத்தவள் வீட்டில் காரணத்தைத் தேடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, சாகவிட்ட இடத்தில் தேடுவதற்கு மட்டும் கைகட்டி நிற்க வேண்டுமாம்.

"அங்க ஒருத்தன் பெத்த பிள்ளையத் தொடாம உட்கார்ந்திருக்கான், டாக்டர். உங்க மாநாட்டுல அவனையும் காட்டுவீங்களா?"

தயாளன் படிவத்தைத் திருப்பித் தள்ளி, நிதானமாக யோசித்துத் திருத்தி எழுதி வாருங்கள் என்றார். வீட்டில் கேட்டதை ஆய்வாளர்கள் வெளியே பேசக் கூடாது, கண்டுபிடித்ததைக் குடும்பத்தாரிடம் சொல்லவும் கூடாது என்பது விதி, அதற்குச் சுலைஹா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்பதையும் ஞாபகப்படுத்தினார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவள் திருத்தவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. படிவத்தை அப்படியே அவர் மேசையில் விட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு வந்தாள். இரண்டாவது தடவையாக வேலை போயிற்று என்று அப்துல் ஹமீதுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர், மதியம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

நேராக ரைபிள் ரேஞ்சுக்குத்தான் போனாள். லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுவிட்டது. மிச்சத்தை மூச்சு வாங்க ஏறினாள். சிவநேசன் வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னாள். அலமாரியின் அடித்தட்டில், துணிகளுக்கு அடியில் இருந்து எடுத்து வந்தான். ஆஸ்பத்திரியில் வாங்கியதிலிருந்து அதை அவன் பிரித்ததே இல்லை. பிரித்திருந்தாலும் அந்தச் சுருக்கெழுத்துகள் அவனுக்கு எங்கே புரியப் போகின்றன. சுலைஹா கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னாள். இது சாப். இது நேரம். இது அவளுடைய அழுத்தம். இது தலைவலி என்று நீ சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டது.

அவன் விரலால் அந்தச் சாப்பைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்போ திறந்து பார்த்திருக்காங்க?"

"பார்த்திருக்காங்க தம்பி. ஒன்பது இருபதுக்கே பார்த்திருக்காங்க. உன் கை ஒண்ணும் பண்ணல."

இனி அழுவான், பாரம் இறங்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் அழவில்லை. நான்கு மாதமாகக் குனிந்தே கிடந்த தலை நிமிர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் கோபத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள் தினமும் சுமக்கிற கோபம்தான் அது. சாட்சி வேண்டுமென்றால் நான் வருவேன் என்று தன் முழுப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். தொழிற்சாலைக்குப் போன் போட்டு, இன்று வரமாட்டேன் என்றான். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினான்.

"முதல்ல சுங்கை பாக்காப் போய் என் மகளைத் தூக்கணும் அக்கா. அவளையும் தூக்கிட்டு வந்து அந்தப் பதிவு மேசைக்கு முன்னால நிக்கிறேன். இதை எழுதினவங்க யார்னு எனக்குத் தெரியணும்."