முதல் படம் மணிக்கூண்டு

பஸ் டிப்போவில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. டிப்போ வாசலில் ஒரு தகரக் கூண்டு, ஒரு நோட்டு, ஒரு விசில், இதுதான் அவர் ராஜ்ஜியம். 6.05 வண்டி 6.06க்கு வாசலைத் தாண்டினால் அன்றைக்கு டிரைவர் தொலைந்தார். சுவர்க் கடிகாரம் நின்றுபோனாலும் யாரும் கவலைப்படுவதில்லை. மனுஷன் டீ குடிக்க எழுந்தால் மணி பத்தேகால் என்று வைத்துக்கொள்வார்கள். இருபத்தேழு வருஷமாக இப்படித்தான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு நாற்பத்தாறு வயதில் போட்டோ பைத்தியம் பிடித்தது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது தன் பழைய கேமராவை மேசை டிராயரிலேயே விட்டுவிட்டுப் போனாள். சும்மா கிடக்கிறதே என்று எடுத்து, ஜன்னல் கம்பியில் தொங்கிய மழைத்துளியை ஒரு படம் எடுத்தார். அவ்வளவுதான், ஆள் அவுட். ஊரையே வண்டியேற்றி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு, தனக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் மனைவியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மச்சினன். இன்னொருவர் அந்தக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் டாக்டர். மூன்று பேரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மார்க்கெட் மணிக்கூண்டுக்கு அடியில் கூடுவார்கள். ஆற்றங்கரை, ரயில் பாலம், மூடிக்கிடக்கும் மில் என்று கால் போன பக்கம் போய் எடுத்துத் தள்ளிவிட்டு வருவார்கள்.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல். மூன்று கேமராவும் மூன்று மணி காட்டின. படங்களை ஒன்றாகப் போட்டு நேரப்படி அடுக்கினால், டாக்டர் படத்தில் பறந்துபோன கொக்கு, மச்சினன் படத்தில் அதற்கப்புறம் வந்து உட்கார்ந்தது. டைம்கீப்பருக்குப் பொறுக்குமா? சட்டம் போட்டுவிட்டார்.

"முதல் படம் மணிக்கூண்டு. மூணு பேரும் எடுக்கணும். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்."

வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த மணிக்கூண்டுப் படத்தைப் பார்த்து, எந்தக் கேமரா எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று சரிசெய்தால், மூவர் படமும் ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கும். பிறகு மூன்று கேமராவிலும் மணியை அவரே திருத்தி வைத்தார். ஆனாலும் எந்த இயந்திரத்தையும் நம்பக் கூடாது என்று சட்டத்தை மட்டும் தளர்த்தவில்லை.

அதற்கப்புறம் வேலை கொஞ்சமா? கேமராவின் மெமரி கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் நகலெடுக்க வேண்டும். தேதி போட்டு ஃபோல்டர். முதல் சுற்றில் ஆடிப்போனது, மங்கிப்போனது எல்லாம் கழிவு. இரண்டாம் சுற்றில் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம். மூன்றுக்கு மேல் வாங்கிய படத்துக்குத்தான் வெளிச்சம் திருத்துவது, நிறம் பார்ப்பது, கோணலை நிமிர்த்துவது எல்லாம். மூன்று பேர் படத்துக்கும் அவர் ஒருவரேதான் உட்கார்ந்து செய்தார். மற்ற இரண்டு பேரும் சலவைக்குத் துணி போடுவதுபோல் கார்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆறு வருஷத்தில் ஐந்து நட்சத்திரம் பதினான்கு படத்துக்குத்தான் கொடுத்தார். அதில் ஒன்றுகூட அவர் எடுத்ததில்லை.

"என்னையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சிடுங்க, தேடற வேலை மிச்சம்" என்பாள் மனைவி.

மச்சினனோ சோம்பேறி. அவனுக்காக, கார்டைச் செருகினாலே படமெல்லாம் தானாகத் தேதிவாரியாக ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்காரும்படி அவன் கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்துகொடுத்தார். அதற்கப்புறம் அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று அவன் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இந்த ஏப்ரலில் டாக்டருக்கு முட்டி வலி வந்தது. "மாடிப்படி ஏறவே முடியலை சார்" என்றார். மச்சினனுக்கு ஞாயிறும் கடை திறக்க வேண்டியதாகிவிட்டது. "கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம் அத்தான். டாக்டருக்குச் சரியானதும் ஆரம்பிச்சுக்கலாம்."

டைம்கீப்பர் நம்பினார். நம்பியது மட்டுமா, நல்ல முட்டி உறையாகத் தேடி வாங்கி டாக்டர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். மறுபடி ஆரம்பிக்கும்போது பழைய பாக்கி எதுவும் இருக்கக் கூடாது என்று, ஞாயிறெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஆறு வருஷப் படங்களையும் அடுக்கினார். சனிக்கிழமை தவறாமல் கேமரா பேட்டரியை முழுக்க சார்ஜ் போட்டு வைத்தார். யார் எப்போது கூப்பிட்டாலும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அந்த மனுஷன் வாரம் முழுக்க அந்த ஒரு அழைப்புக்குத்தான் காத்திருந்தார்.

செப்டம்பரில் மச்சினன் தன் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தான். "பொண்ணோட போன வருஷ ஸ்கூல் விழா படம் இதுல எங்கேயோ இருக்கு அத்தான். தேடி எடுத்து நல்லா பண்ணிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

ஞாயிறு காலை டிஸ்க்கைத் திறந்தார். ஏப்ரல் வரைக்கும் இருந்தது தெரிந்ததுதான். அதற்குக் கீழே மே, ஜூன், ஜூலை என்று வரிசையாகப் பதினொரு ஃபோல்டர். தேதி ஒவ்வொன்றையும் காலண்டரில் பார்த்தார். பதினொன்றும் ஞாயிற்றுக்கிழமை.

கேமராவில் தேதி கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். பாவம், அவர்களுக்காக அவரே சாக்குத் தேடினார். பேட்டரி இறங்கினால் தேதி தாறுமாறாகும், இதெல்லாம் பழைய படமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஒரு ஃபோல்டரைத் திறந்தார்.

முதல் படம் மணிக்கூண்டு.

கூண்டின் கடிகாரத்தில் ஆறு பன்னிரண்டு. கேமரா பதிந்துவைத்த நேரமும் ஆறு பன்னிரண்டு. கூண்டு நீல நிறத்தில் இருந்தது. ஜூனில்தான் அதற்கு நீலம் அடித்தார்கள். டிப்போவுக்குப் போகிற வழியில் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். அடுத்த ஃபோல்டரைத் திறந்தார். அதிலும் முதல் படம் மணிக்கூண்டு. பதினொரு ஃபோல்டர், பதினொரு மணிக்கூண்டு, எட்டு நீலம். சட்டம் போட்டவரைக் கழற்றிவிட்டவர்கள் சட்டத்தை ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை! ஆறாவது ஃபோல்டரில் டாக்டர் இருந்தார். ஆற்று நடுவில் ஒரு பாறைமேல் ஒற்றைக் காலில் நின்று, கேமராவை உயர்த்திப் பிடித்து, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். முட்டியில் உறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

டைம்கீப்பர் அந்த ஃபோல்டரை மூடிவிட்டு, கேட்டிருந்த ஸ்கூல் விழா படத்தைத் தேடி எடுத்துத் திருத்தி முடித்தார்.

சாயங்காலம் மச்சினன் விசிலடித்துக்கொண்டே வந்தான். "உட்காரு மச்சான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மணிக்கூண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓடவிட்டார். மூன்றாவது கூண்டிலேயே அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர் முட்டி எப்படி இருக்கு?"

"அத்தான், அது வந்து..."

"அஞ்சு மாசமா என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க. அப்படி என்ன பண்ணிட்டேன் உங்களுக்கு?"

"கோவிச்சுக்காதீங்க. உங்களோட வந்தா டிப்போவுக்கு வேலைக்கு வந்த மாதிரி இருக்கு. அஞ்சு நிமிஷம் லேட்டானா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க. நாலு படம் எடுத்தா மூணு கழிவுங்கறீங்க. டாக்டர் ஆசையா எடுத்த நாய்க்குட்டிக்கு ஒத்தை நட்சத்திரம் குடுத்தீங்க. மனுஷன் ஒரு வாரம் பொலம்பினாரு."

"அந்த நாய்க்குட்டி ஆடியிருந்துச்சுடா!"

"பாத்தீங்களா?"

"சரி, நான் சிடுமூஞ்சிதான். அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே? முட்டி வலின்னு எதுக்குடா பொய்?"

கதவோரத்தில் நின்ற மனைவி பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள். "அப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேன்டா, அவர்கிட்ட நேரா சொல்லிடுன்னு."

டைம்கீப்பர் திரும்பிப் பார்த்தார். மச்சினனும் டாக்டரும் ஏமாற்றியதாவது வெளியே நடந்தது. இது வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

"உனக்கும் தெரியுமா?"

"உங்க மனசு நோகுமேன்னுதாங்க..."

"வாராவாரம் பேட்டரி சார்ஜ் போட்டேனே. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் மச்சினன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். இத்தனைக்கும் பிறகு அவருக்குள் ஒரு சின்ன நப்பாசை இருந்தது. தன்னை நினைத்துக்கொண்டுதான் எடுத்திருப்பார்களோ என்று ஒரு நப்பாசை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான்தான் கூட இல்லையே. அப்புறம் எதுக்கு மணிக்கூண்டைப் படம் எடுத்தீங்க?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "எடுக்காம விட்டா அடுக்கறப்ப நீங்கதானே அத்தான் கஷ்டப்படுவீங்க? எப்படியும் எல்லாம் ஒருநாள் உங்ககிட்டதானே வந்தாகணும். டாக்டர் கார்டையும் சேர்த்துக் குடுக்கறதாத்தான் இருந்தோம்."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவி என்று நினைத்துத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. ஆளை வேண்டாம் என்று கழித்துவிட்டு, ஆளின் வேலையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

டைம்கீப்பர் டிஸ்க்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். "ஸ்கூல் படம் பண்ணி வெச்சிருக்கேன். குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு? மத்ததை நீங்களே அடுக்கிக்குங்க."

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கே எழுந்து கிளம்பினார். மனைவியும் எழுந்து வந்தாள். "நானும் கூட வரட்டுமாங்க?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே வெளியே இறங்கினார்.

மணிக்கூண்டுக்கு அடியில் யாரும் இல்லை. காய்கறி மூட்டை இறக்கும் ஒரு வண்டி மட்டும் நின்றது. பழக்க தோஷம், கை தானாகக் கேமராவை உயர்த்தியது. கடிகாரத்தைக் கேமராத் திரைக்குள் கொண்டுவந்து, விரலைப் பொத்தானில் வைத்தார். அப்போதுதான் உறைத்தது. இன்னொரு கேமரா இருந்தால்தானே மணியை ஒத்துப்பார்க்க வேண்டும்? ஒற்றைக் கேமரா எந்த மணியைக் காட்டினால் என்ன, எல்லாப் படமும் வரிசையில்தானே நிற்கும்.

கேமராவை இறக்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். பின்னால் மணிக்கூண்டு ஆறு அடித்தது.