மரத்தடியில் இன்னொருவருக்கு இடம்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்நாளில் நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள். பேனாவை எடுத்ததும் கை நடுங்கியது. துக்கத்தில் வந்த நடுக்கம் என்று உறவினர்கள் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள். பல் டாக்டரிடம் போனபோதும், பெண் பார்க்கப் போனபோதும் இதே கைதான் இப்படியே நடுங்கியது என்பதை நான் சொல்லவில்லை. அண்ணன் இருந்தால், "பயப்படுறதுக்குச் சம்பளம் குடுத்தா நீ இந்நேரம் தோட்டத்தையே வாங்கியிருப்பேடா" என்றிருப்பார்.

அண்ணன் பிறந்தது ஹாலிஎலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். அங்கே காலையில் பனி விலகினால்தான் எதிர் லயம் ஒன்று உண்டு என்பதே நினைவுக்கு வரும். அப்பா சீக்கிரமே காலமானதால், மீசை அரும்பும் முன்பே அண்ணன் குடும்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். என்னைப் படிக்க வைத்தார். நான் படிக்காதது அவர் குற்றமல்ல.

பிறகு அவருக்குக் கொழுந்து நிறுக்கும் வேலை கிடைத்தது. தராசு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் மலையில் நின்ற பெண்களின் அன்றைய உழைப்பு இருக்கும். அண்ணியின் சாக்கு வரிசையில் வந்ததும் அண்ணன் தராசை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய்ச் சவுக்கு மரத்தடியில் நின்றுகொள்வார்.

"ஊரு கொழுந்தயெல்லாம் நிறுக்கிற கை, எங்கொழுந்தத் தொட்டா சுளுக்கிக்குமோ?" என்று அண்ணி கேட்பார்.

"கூடுதலாப் போட்டா ஊரு ஏசும். சரியாப் போட்டா நீ ஏசுவ. ரெண்டுக்கும் பயந்துதான் தள்ளி நிக்கிறேன்" என்பார் அண்ணன். பயம் எங்கள் குடும்பச் சொத்து. அவர் அதை ஒழுங்காகப் பயன்படுத்தினார் என்பதுதான் வித்தியாசம்.

ஓய்வு பெற்ற பின் மரண உதவிச் சங்கத்துக்குத் தலைவரானார். சங்கத்துக்கு ரோட்டோரத்தில் ஒரு கடை அறை உண்டு. அதன் வாடகையில்தான் தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும் பெட்டியும் பந்தலும் வரும். அந்த அறை காலியானபோது நான் கொழும்பில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். தலைவர் என் கூடப்பிறந்தவர். இதைவிட வேறென்ன வேண்டும்? வேலையை விட்டேன். ரொட்டிக் கடை போட இரும்புத் தட்டு ஒன்றை வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். விண்ணப்பத்தை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

சங்கக் கூட்டம் பிள்ளைக்காம்பராவில் நடக்கும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் என்பதால், பெரிய மனிதர்களெல்லாம் முழங்கால் தாடையில் இடிக்கச் சின்னப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். என் விண்ணப்பத்தை வாசித்ததும் அண்ணன் எழுந்தார். "இது என் தம்பி சம்பந்தப்பட்டது. நீங்க பேசி முடிங்க" என்று வெளியே போய்விட்டார். வாசலுக்கு எதிரிலும் ஒரு சவுக்கு மரம். நல்ல தூறல்.

நான் குடையோடு பின்னால் ஓடினேன். ஓடிய அவசரத்தில் குடையை விரிக்க மறந்துவிட்டேன்.

"அண்ணே, உள்ள இருந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. தட்டு வேற வாங்கிட்டேன்."

"யாரக் கேட்டு வாங்குன?"

"ஒங்கள நம்பித்தான்."

"சங்கத்துல எல்லாரும் என்னய நம்பித்தான்டா இருக்காங்க. நீ ஒருத்தன் மட்டும் இல்ல. கொடைய விரி."

விரித்தேன். ஒரு குடைக்குள் இருவரும் நின்றோம். எதிரே நமுனுகுல மலை பனிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. கீழே எங்கோ ரயில் கூவியது. மலையே எங்களை மறந்து தூங்குவது போலிருந்தது. வெகு நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒருவர், "தலைவரே, பேசி முடிச்சாச்சு. உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.

கடையைப் பதுளை வியாபாரி ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவரைக் கொண்டுவந்தவர் அப்போதைய பொருளாளர். (பெயர் வேண்டாம். இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகிறது.) வாடகை பழையதைவிடக் குறைவு. என் தட்டில் வீட்டுப் பூனை படுத்துக்கொண்டது.

கடை திறக்கும் நாளன்று ஊரே போய் நின்றது. பால் காய்ச்சியவர் பொருளாளரின் மகள். கல்லாவில் உட்கார்ந்தவர் மருமகன். பதுளை வியாபாரியின் பெயர் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தது. பால் பொங்கி வழிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எல்லா அங்கத்தவர்களையும் கூட்டினார். பொருளாளர் தளரவில்லை. வாடகை மாதாமாதம் வருகிறதே, சங்கத்துக்கு என்ன நட்டம் என்று கேட்டார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை.

"நட்டத்தப் பத்திப் பெறகு பேசுவோம். நாளைக்கு இங்க ஒருத்தர் செத்தா, பெட்டி வாங்குறது அந்த வாடகையிலதான். அதப் பாத்துக்கத்தான் ஒங்கள இந்தப் பெஞ்சுல உக்கார வச்சாங்க. மருமகனுக்குக் கட வேணுமுன்னா சொல்லிட்டு வெளிய வந்திருக்கணும். அன்னைக்கு மழையில நின்னேனே, அந்த மரத்தடியில இன்னொரு ஆளுக்கு எடம் இருந்துச்சு."

பொருளாளர் அந்தச் சின்னப் பெஞ்சிலிருந்து எழுந்தார். பிறகு பதவியை விட்டு விலகினார். குறைந்த வாடகையை மருமகன் ஈடுகட்டிவிட்டுக் கடையைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனின் பெட்டியை முதலில் தூக்கிய தோள்களில் அந்த முன்னாள் பொருளாளரின் தோளும் ஒன்று.

இந்த முறை கடை வேண்டியவர்களை, தரக்கூடிய வாடகையை எழுதி உறையில் ஒட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று அண்ணனிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தேன். "எனக்கே தெரியக்கூடாதுன்னுதான் உறையப் பூசாரிகிட்டக் குடுத்து வச்சிருக்கு. போயித் தூங்கு" என்றார். தூங்கவில்லை. பயத்தில் தொகையை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். கடை எனக்கே கிடைத்தது. உறைகளைப் பிரித்தபோது, எனக்கு அடுத்தவர் என் தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சங்கத்துக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய வாடகையை இன்றுவரை கட்டிவருபவன் இந்தத் தம்பிதான். அண்ணன் அந்தக் கூட்டத்திலும் மரத்தடியில்தான் நின்றார். என் கடையில் அவர் காசு வைக்காமல் ஒரு பிளேன்டீகூடக் குடித்ததில்லை.

கடைசி நாட்களில் அண்ணன் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு பின்னேரம் டாக்டர் எங்களைக் கட்டிலருகே கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். அண்ணன் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"என்னயப் பத்தித்தானே பேசப் போறீங்க? நான் வெளிய நிக்கட்டுமா?"

எழுந்து போக அவரால் முடியவில்லை. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே அழுதார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பிதான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனைக் கண்போல் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பெட்டியும் பந்தலும் தந்த சங்கத்துக்கும், கொட்டும் மழையில் மலையேறி வந்த உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், மேற்கணக்கு லயத்தில் அடுப்பு மூட்டாமல் எங்களோடு விழித்திருந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இவ்வளவு நேரம் பேசியது அண்ணன் சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே அவர் இங்கே இருந்திருக்க மாட்டார். அந்தச் சவுக்கு மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றிருப்பார். நாம் பேசி முடித்துவிட்டோம்.

யாராவது வாசலுக்குப் போய் அவரை உள்ளே கூப்பிடுங்கள்.