அழிக்கச் சொல்லி நான் வேண்டிய வரி

அன்பான சபையாரே, மே மாதம் உங்களில் பலர் என்னைப் பார்த்து ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கேட்டீர்கள். அப்போது சொல்லத் தைரியம் இல்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுத்தான் நான் சேலையூரை விட்டு நகர முடியும். அதனால் சமூகப்பணி படிக்க எனக்கு இருந்தது வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுதான். அது இல்லையென்றால் படிப்பே இல்லை.

இந்தப் படிப்பு ஏன் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நடந்ததை எழுதினேன். இரும்புலியூரில் நடந்த ஒரு மருத்துவ முகாமில், நகரத்துக் கல்லூரியில் சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருத்தி அம்மாவின் குழறல் பேச்சை ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள். அன்றுதான் முடிவு செய்தேன் என்று எழுதி, அவள் கல்லூரியின் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன். பெரிய அறிவாளி நான். விளையாட்டிலிருந்து கலைவிழா வரை நான் விண்ணப்பித்த கல்லூரிக்கு ஜென்மப் பகையே அந்தக் கல்லூரிதான்.

தோழி ஷைனி தலையில் அடித்துக்கொண்டாள். "லூசாடி நீ? அவங்க ஃபார்ம்லயே அவங்க எதிரி பேர எழுதி வச்சிருக்க."

திருத்தப் பார்த்தேன். இணையதளம் விடவில்லை. சோறு இறங்கவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அஸ்தினாபுரத்தில் கிரேஸ் அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். பெயர் போடாமல் வேண்டுதலைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுவோம். ஆளுக்கொரு சீட்டை எடுத்துப்போய் ஜெபித்து, அடுத்த வாரம் பின்புறம் வேத வசனம் எழுதித் திருப்பிப் போடுவோம். நான் எழுதியது இவ்வளவுதான்: 'ஒரு வரி அழிய வேண்டும்.' கட்டுரை, கல்லூரி எதையும் குறிப்பிடவில்லை.

அடுத்த வாரம் என் சீட்டைத் திருப்பினேன். வசனம் இல்லை. பென்சிலில் எழுதியிருந்தது: 'அழியாது. அதைத்தான் கேட்பார்கள். உள்ளதைச் சொல்.'

எழுதியது யார் என்று கேட்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"போன வாரம் ஒருத்தர் சீட்டு எடுக்காமலே கிளம்பிட்டாங்கம்மா. அதான் இது மிஞ்சிச்சு. டப்பா பீரோவுக்குள்ளதான் இருந்துச்சு. இப்பதான் திறக்கறேன்."

அன்று யாரும் காபி குடிக்கவில்லை. சீக்கிரமே கலைந்துவிட்டோம்.

நேர்காணலில் துறைத் தலைவி என் கட்டுரையின் பிரதியை மேசையில் வைத்திருந்தார். ஒரே ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு. அந்த வரிதான்.

"இந்தக் கோடு நீ போட்டதாம்மா?" என்று கேட்டார்.

ஆன்லைனில் அனுப்பியதில் நான் எப்படிக் கோடு போடுவேன்? அவரும் போடவில்லையாம். பொய் சொல்லித் தப்பிக்க நாக்கு துடித்தது. ஆனால் முகாமில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் பிரதியை என் பக்கம் நகர்த்தினார்.

"மத்தவங்க எல்லாம் எங்க காலேஜப் பத்தி எழுதியிருக்காங்க. நீதான் உங்க அம்மாவப் பத்தி எழுதியிருக்க."

இடம் கிடைத்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுதார். ஆண்டவருக்கு நன்றி சொல்லி எனக்கு மாளவில்லை.

முன்பெல்லாம் கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஆமென் போட்டு எழுந்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துச் சொல்கிறேன். உங்கள் பாரம் எதுவானாலும் கூசாமல் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் கண்ணை மூடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த அறையில் நீங்கள் தனியாக இல்லை.